செக் என்ஜின் லைட்: கோடு சொல்வதும் சொல்லாததும்

மீட்டரில் அந்த மஞ்சள் என்ஜின் படம் எரிந்தால் நம்மூரில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் பதறியடித்து அன்றைக்கே ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டு, நீட்டிய பில்லைக் கட்டிவிட்டு வருவார். மற்றவர் "வண்டி ஓடுதுல்ல, பிறகென்ன" என்று மாதக்கணக்கில் லைட்டை எரியவிட்டே ஓட்டுவார். மீட்டர் கண்ணாடியில் அந்த இடத்துக்கு மட்டும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிய மகானுபாவர் ஒருவரையும் எனக்குத் தெரியும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு புளூடூத் ஸ்கேனரும் கையில் இருக்கும் போனில் ஒரு ஆப்பும் போதும், வண்டி எதற்காக லைட்டைப் போட்டிருக்கிறது என்று சொல்லும் கோடை (code, அதாவது கோளாறுக் குறியீட்டை) வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். நான் மெக்கானிக் இல்லை. சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆனால் சில வருடங்களாக என் வண்டி, மாமா வண்டி, தெருவில் உள்ளவர்கள் வண்டி என்று மாட்டிப் பார்த்துப் பழகிவிட்டது. அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை, இதற்கு ஸ்கேனரே தேவையில்லை. மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல ஓடினால், மெதுவாக வீடு வந்து சேரலாம். அதே லைட் விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்ட வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது, அது சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் கன்வர்ட்டரின் உள்பாகம் உருகிப்போகும். பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயில் (coil) ஒன்றின் செலவோடு முடிய வேண்டியது, வீடு வரைக்கும் ஓட்டிவிடலாம் என்ற ஆசையில் பல மடங்காகும். சிவப்பில் ஆயில் கேன் படமோ தெர்மாமீட்டர் படமோ வந்தால் அது வேறு சங்கதி. கோடு படிக்கிற வேலையே இல்லை, உடனே என்ஜினை அணைக்க வேண்டும்.

இனி கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் மிதிகளுக்கு மேல் குனிந்து பார்த்தால் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் தெரியும். சில வண்டிகளில் ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குள் ஒளிந்திருக்கும். இதற்குப் பெயர் ஓபிடி போர்ட் (ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ், வண்டி தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு). அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். இந்தியாவில் இதன் இரண்டாம் கட்டமான ஓபிடி 2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டியிலும் சாக்கெட் இருக்கலாம், ஆனால் கம்பெனியின் சொந்த மொழியில் மட்டும் பேசும், நம் சின்னக் கருவிக்கு வாய் திறக்காது. வாங்குவதற்கு முன் வண்டியின் மாடல் வருடத்தைப் பார்த்துவிடுங்கள்.

கருவியில் பெரும்பாலும் "இஎல்எம் 327" என்று எழுதியிருக்கும். அந்தச் சிப்பை உருவாக்கியது இஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா கம்பெனி. 2022இல் கடையை மூடிவிட்டார்கள். நம் கைக்கு வருவதெல்லாம் அதன் நகல்கள்தான். வேடிக்கை என்னவென்றால், கடைகளில் விற்கும் "வெர்ஷன் 1.5" என்ற ஒன்றை அந்தக் கம்பெனி வெளியிட்டதே கிடையாது. இருந்தும் அந்தப் பெயரில் வருபவை ஓரளவு ஒழுங்காக வேலை செய்கின்றன. "2.1" என்று விற்கப்படும் நகல்களில் பல, சில கேள்விகளுக்குப் பதிலே சொல்லாமல் ஆப்பைத் தொங்கவிட்டுவிடும். ஆண்ட்ராய்டு போனுக்குச் சாதா புளூடூத் போதும், பாஸ்வேர்டு 1234 அல்லது 0000 ஆக இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை மாடலோ புளூடூத் எல்இ மாடலோ பார்த்து வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். அந்தப் போர்ட்டில் 16ஆம் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வந்துகொண்டிருக்கும். மாட்டிய கருவியோடு வண்டியை ஒரு மாதம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.

சாவியை ஆன் செய்து ஆப்பில் ஸ்கேன் கொடுத்தால் கோடு வரும். என்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது என்றால் "பி" என்று தொடங்கும். பிரேக், ஸ்டியரிங் பக்கம் "சி", வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சு அறுந்தால் "யூ". அடுத்து வரும் எண் 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 வந்தால் காற்று, பெட்ரோல் கலவை. 3 வந்தால் ஸ்பார்க், மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது). 4 வந்தால் புகை சம்பந்தப்பட்டது. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கோடை அப்படியே கூகுளில் போட்டால் விளக்கம் வந்து கொட்டும்.

சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோடில் ஒரு பாகத்தின் பெயர் இருந்தால், அந்தப் பாகம் போய்விட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கடைக்காரரும் அப்படியே எடுத்துக்கொண்டு புதுசு மாட்டிவிடுகிறார். உண்மையில் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வண்டியின் கம்ப்யூட்டர் வைத்த ஒரு சோதனையில் வந்த எண், எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த புகார் மாதிரி. யாருக்கு என்ன நடந்தது என்று அதில் இருக்கும், செய்தவன் பெயர் இருக்காது. அதை நாம்தான் தேட வேண்டும்.

என் வண்டியில் நடந்தது. நாலு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நல்ல மழைக்கு மறுநாள் பாலம் ஏறும்போது வண்டி குலுங்கி, பிக்கப் செத்து, லைட் மின்னியது. ஓரம் கட்டி ஸ்கேன் போட்டதில் பி0302. இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் கேட்டேன். "நாலு காயிலும் மாத்திடலாம் சார், அப்படியே இன்ஜெக்டர் கிளீனிங், பிளக்கும் போட்டுடலாம்" என்றார் அங்கிருந்தவர். மிஸ்ஸிங் இரண்டாவது சிலிண்டரில் மட்டும்தானே, எதற்கு நாலு காயில் என்றதற்கு, "ஒண்ணு போனா எல்லாம் போகும் சார்" என்ற தத்துவம் பதிலாக வந்தது.

மிஸ்ஸிங்குக்கு ஸ்பார்க் வராதது காரணமாகலாம், இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்காதது காரணமாகலாம், சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் கம்ப்ரஷன் இல்லாததும் காரணமாகலாம். கோடுக்கு மூன்றும் ஒன்றே. ஆனால் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. என்ஜின் ஆறியபின் சாவியை எடுத்துவிட்டு, இரண்டாவது காயிலையும் நாலாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு 10 எம்எம் போல்ட், வயர் மாட்டும் ஒரு கப்ளர், அவ்வளவுதான். கப்ளர் லாக்கை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் என்பதால் முரட்டுத்தனம் காட்டினால் ஒடிந்துவிடும். கோடை அழித்துவிட்டுத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி ஸ்கேன் போட்டால் பி0304. மிஸ்ஸிங் காயிலோடு சேர்ந்து நாலாவது சிலிண்டருக்குக் குடிபோயிருந்தது. இன்ஜெக்டர் மீதும் கம்ப்ரஷன் மீதும் இருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. காயிலை மாற்றிய பிறகும் அதே இரண்டாவது சிலிண்டரின் கோடே வந்திருந்தால் அடுத்துப் பிளக்கை மாற்றிப் பார்த்திருப்பேன், அப்புறம்தான் இன்ஜெக்டர்.

கழற்றிய காயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிளக்கின் மேல் உட்காரும் ரப்பர் பூட்டில் மேலிருந்து கீழாகத் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அதன் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பொரிந்திருந்தது. ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கீறல் வழியாகப் பக்கவாட்டில் என்ஜின் உடம்புக்குத் தாவியிருக்கிறது. ஈரம் சேர்ந்த அன்றைக்கு அது பட்டவர்த்தனமாகிவிட்டது. ஒரு காயில் வாங்கி மாட்டினேன். மற்ற மூன்றும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது எலி. தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டு அண்ணன் வண்டியில் லைட் எரிந்து பி0113 வந்தது. என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் சம்பந்தப்பட்ட கோடு. சென்சார் மாற்றச் சொல்லி அவரிடம் யாரோ விலையும் பேசிவிட்டார்கள். நான் ஆப்பில் கோடு பக்கத்தை மூடிவிட்டு, சென்சார்கள் அந்த நேரத்தில் சொல்லும் எண்களைக் காட்டும் லைவ் டேட்டா பக்கத்தைத் திறந்தேன். மே மாத மதியம், தார் ரோடு இளகுகிற வெயில். ஆப்பில் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி!

இந்த மைனஸ் 40 ஒரு நல்ல தடயம். அந்தச் சென்சார், சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. வயர் அறுந்தால் தடை எல்லை இல்லாமல் போகும், கம்ப்யூட்டர் அதை உலகமகா குளிர் என்று புரிந்துகொண்டு தன் அளவுகோலின் கீழ்க்கோடியைக் காட்டும். ஆக, சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. சென்சாருக்குள்ளா, வயரிலா? இரண்டு வயர் மட்டும் உள்ள சென்சார் என்றால் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு பின்களையும் ஒரு சின்னக் கம்பித் துண்டால் இணைத்துப் பார்க்கலாம். உடனே எண் உச்சத்துக்குத் தாவினால் வயர் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் போயிருக்கிறது. எண் அசையாமல் மைனஸ் 40இலேயே நின்றால் கோளாறு வயரில். அண்ணன் வண்டியில் அசையவில்லை. வயரைக் கையால் தடவிக்கொண்டே போனால், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் தேங்காய் நாரும் பிஸ்கட் கவரும் சேர்த்து எலி ஒரு குடித்தனமே நடத்தியிருந்தது. ஒரு வயர் துண்டாகி, இன்னொன்று பாதி தோலுரிந்து கிடந்தது. சால்டர் வைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டு முடித்தோம். (மூன்று, நாலு வயர் உள்ள சென்சார்களில் இந்தக் கம்பி வைத்தியம் செய்யக் கூடாது. அதில் ஒன்றில் 12 வோல்ட்டோ 5 வோல்ட்டோ வரும், தவறான இடத்தில் சேர்த்தால் கம்ப்யூட்டரையே கெடுத்துவிடும்.)

யூடியூபில் கோடுகளைப் பற்றிக் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்க வண்டிகளைப் பற்றியது. அதை அப்படியே இங்கே பொருத்தினால் தப்பான இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்போம். பி0171 நல்ல உதாரணம். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சொல்லும் கோடு. அங்கே உடனே சொல்வார்கள்: எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, இல்லை, உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சாரில் அழுக்கு, ஸ்பிரே அடி. ஆனால் நம் சின்னப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் மாஃப் சென்சாரே கிடையாது. காற்றின் எடையை அளக்காமல், காற்று என்ஜினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை மேப் சென்சார் வழியாகப் பார்த்துக் கணக்குப் போடும் வகை. இந்த வகையில் காற்று கசிந்தால் அழுத்தம் ஏறும், கம்ப்யூட்டரும் அதற்குத் தகுந்தாற்போல் பெட்ரோலைக் கூட்டிவிடும். அதனால் பி0171 வருவதைவிட ஐடிலிங் ஏறி நிற்பதுதான் சாதாரணமாகத் தெரியும் அறிகுறி. உங்கள் வண்டி எந்த வகை என்பதை லைவ் டேட்டா பட்டியலே சொல்லிவிடும்.

பி0171க்குப் பார்க்க வேண்டிய எண் ஃபியூயல் டிரிம். கம்ப்யூட்டர் தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு வரும், இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டவோ குறைக்கவோ 10க்குள் இருந்தால் கவலையில்லை. 20, 25ஐத் தாண்டும்போதுதான் லைட் எரியும். ஐடிலிங்கில் சரியாக இருந்து, ரேஸ் பண்ணும்போதும் ஏற்றத்தில் லோடு ஏறும்போதும் மட்டும் எண் எகிறினால், பெட்ரோல் பம்ப்பும் ஃபில்டரும் முதல் சந்தேகம். மாஃப் உள்ள வண்டியில் ஐடிலிங்கில் எகிறி, 2500 ஆர்பிஎம்மில் அடங்கினால் காற்றுக் கசிவு. ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது ஆப்பில் ரெக்கார்டு போட்டு வீட்டில் வந்து பாருங்கள்.

இன்னொன்றும் இப்போது சேர்ந்திருக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், 10 சதவீத எத்தனால் கலந்ததற்கு 14.1, 20 சதவீதத்துக்கு ஏறக்குறைய 13.5. அதனால் ஈ20 போட ஆரம்பித்ததும் லாங் டெர்ம் டிரிம் நாலு சதவீதம் போலக் கூடுவது இயல்பு. பழைய வண்டியில் ஏற்கெனவே எண் விளிம்பில் இருந்தால், இந்தக் கூடுதலே லைட்டைக் கொளுத்திவிடலாம். வெளியே சிஎன்ஜி கிட் மாட்டியவர்களுக்கும் இதே தலைவலி. கேஸில் ஓடும்போது டியூனிங் சரியில்லாவிட்டால் டிரிம் கலைந்து கோடு விழும். சிஎன்ஜியில் ஒரு முறை, பெட்ரோலில் ஒரு முறை எண்ணைக் குறித்துக்கொண்டால், கிட்டுக்காரரிடம் போவதா மெக்கானிக்கிடம் போவதா என்று தெரிந்துவிடும்.

"டேங்க் மூடியை இறுக்கிப் பார்" என்பதும் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியம்தான். பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று வண்டியே அழுத்தம் வைத்துப் பார்க்கும் சோதனை அமெரிக்க விதி கேட்பது. நம் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை. இங்கே மூடியை எத்தனை இறுக்கினாலும் பெரும்பாலும் லைட் அசையாது.

மாமாவின் செடானுக்கு வந்தது பி0420. கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு. நாற்பதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். "மாப்ள, வண்டியோட விலைக்கே பாதி வருதுடா, வித்துரலாமா" என்று போன். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்கள் இருக்கும். சாதா வகைச் சென்சார் என்றால், சூடான என்ஜினில் முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னது 0.6, 0.7 பக்கம் சாதுவாக நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் பி0420 போடும். மாமா வண்டியில் பின் சென்சார் ஆடியது உண்மை. ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் அடியிலிருந்து "டிக் டிக்" என்று ஒரு சத்தமும் வந்தது, வண்டி சூடானால் குறைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பின் சென்சாருக்குச் சற்று முன்னால், சைலன்சர் குழாய்கள் சேரும் பிளாஞ்ச் ஜாயின்டில் மை பூசியதுபோல் கரி. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு சென்சாரைக் குழப்பிக்கொண்டிருந்தது. கேஸ்கட்டும் இரண்டு போல்ட்டும் மாற்றியதில் கோடு திரும்பவில்லை. எல்லா பி0420யும் இப்படி மலிவாக முடியாது. ஆயில் குடிக்கும் வண்டியில், மிஸ்ஸிங்கோடு வெகுநாள் ஓடிய வண்டியில், கன்வர்ட்டர் நிஜமாகவே செத்திருக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பு கடைசியில் வர வேண்டியது.

கோடை அழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒரு பக்கம் ஆப்பில் வரும். கோடு விழுந்த அந்த நொடியில் வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி "ரீசெட்" செய்கிறவர்கள் இந்தத் தடயத்தைத்தான் தொலைக்கிறார்கள். பெண்டிங் என்று தனியாக வரும் கோடையும் பாருங்கள். பல கோளாறுகளுக்கு, இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து வந்தால்தான் லைட் எரியும். முதல் ஓட்டத்தில் கண்டது பெண்டிங்கில் நிற்கும். கோளாறு தானாகச் சரியானால், தொடர்ந்து மூன்று சுத்தமான ஓட்டங்களுக்குப் பிறகு லைட்டும் தானே அணையும். ஆகவே ரிப்பேர் பார்த்துவிட்டு, லைட் அணையட்டும் என்று விட்டுவைப்பதும் ஒரு வழிதான்.

இந்தச் சின்னக் கருவிக்கு எல்லை உண்டு. ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுகளை இது பெரும்பாலும் படிக்காது. கம்பெனியின் சொந்தக் கோடுகளுக்குச் சில ஆப்கள் தப்பான விளக்கம் தரும். மெக்கானிக்கிடம் உள்ள பெரிய ஸ்கேனர் கோடைப் படிப்பதோடு நிற்காது. ஃபேனை ஓடவிட்டும், பம்ப்பை இயக்கியும், இன்ஜெக்டரை ஒவ்வொன்றாக நிறுத்தியும் பார்க்கும். அதனால் நான் ஒர்க்‌ஷாப்பை விட்டுவிடவில்லை. போகும்போது ஸ்கிரீன்ஷாட்டோடு போகிறேன். "எந்தப் பாகத்தை மாற்றணும்" என்று கேட்பதற்குப் பதில், "அந்தப் பாகம்தான்னு எப்படிண்ணே உறுதி பண்ணுனீங்க" என்று கேட்கிறேன். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், பானெட்டைத் திறந்து காட்டுவார். இப்போது நான் போகும் மெக்கானிக்கைக் கண்டுபிடித்ததே இந்தக் கேள்வியால்தான்.

பழைய வண்டி வாங்கப் போகும்போதும் கருவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். கோடு எதுவும் இல்லை என்று வந்தால் உடனே திருப்தியடைய வேண்டாம், காலையில்தான் அழித்திருப்பார்கள். ஆப்பில் "ரெடினஸ் மானிட்டர்" பக்கத்தைத் திறங்கள். கோடை அழித்ததும் கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் போன்ற சோதனைகளெல்லாம் "முடியவில்லை" நிலைக்குப் போய்விடும், அவை மறுபடி முடிய சில நாள் ஓட்டம் தேவை. "கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு எண்ணும் பல வண்டிகளில் கிடைக்கும். தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டி என்று விற்பவர் சொல்ல, அந்த எண் 6 கிலோமீட்டர் என்று காட்டினால், விலை பேசுவதற்கு முன் எதற்காக அழித்தார்கள் என்று கேளுங்கள். பேட்டரி புதுசாகப் போட்டோம் என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், பேட்டரி பில்லில் தேதி இருக்கும். பில் இல்லை என்றால் வண்டியை ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கூப்பிடச் சொல்லி, மறுபடி போய் மாட்டிப் பாருங்கள்.